வாத்தியாருக்கு ஒரு வாத்தியார்

அவசரமாக வெளியே கிளம்பும் நாளில்தான் வீட்டுக் கார் மக்கர் செய்யும். எந்தப் புஸ்தகத்திலும் எழுதப்படாத விதி இது. சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம், அதோடு சரி. பள்ளிக்கூடம் போக வேண்டிய குழந்தை புத்தகப் பையும் கையுமாக நிற்கிறது. வீட்டுக்காரர் காரின் முன் மூடியைத் திறந்து, கர்ப்பக்கிருகத்தைத் தரிசிப்பது போல் பயபக்தியுடன் உள்ளே பார்த்துவிட்டு, மறுபடியும் மூடி வைக்கிறார்.

ஒர்க் ஷாப்பிலிருந்து ஒரு பையன் வருகிறான். "பாட்டரி போயிடுச்சு ஸார்" என்கிறான். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதுப் பாட்டரி வாங்கியாகிறது. நாலு நாள் ஓடுகிறது. ஐந்தாம் நாள் மறுபடியும் "டிக்"! "அப்படின்னா ஸெல்ஃப் மோட்டார்தான் ஸார்" என்கிறான் பையன். அதையும் மாற்றியாகிறது. அடுத்த வாரம் மறுபடியும் "டிக்"! கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர் வந்து, எஞ்சினையும் காரின் உடம்பையும் சேர்க்கும் பின்னல் வயர் ஒன்றைக் கழற்றித் துருவைச் சுரண்டிவிட்டு, இறுக்கி மாட்டிவிட்டுப் போகிறார். வண்டி கிளம்பிவிடுகிறது. புதுப் பாட்டரிக்கும் புது மோட்டாருக்கும் கொடுத்த பணம் கொடுத்ததுதான்!

சகோதரிகளே, அந்தப் பையனைத் திட்டாதீர்கள். அவன் அயோக்கியன் அல்ல. தனக்குத் தெரிந்ததைச் செய்தான். அளந்து பார்த்து யோசிக்க அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்த ஆசிரியருக்கு வேலை நன்றாகத் தெரிந்திருக்கலாம். ஆனால், தெரிந்ததைப் பிறர் மண்டையில் ஏற்றும் வித்தை வேறு அல்லவா? அந்த வித்தையை ஆசிரியர்களுக்குக் கற்றுக் கொடுப்பதற்கென்றே நம் தேசத்தில் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. இந்த வாரம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் எட்டிப் பார்ப்போம், வாருங்கள்.

"வேலை தெரிந்தவனுக்குச் சொல்லிக் கொடுக்கவா தெரியாது?" என்று கேட்பீர்கள். வெந்தயக் குழம்பு வைப்பதில் கைதேர்ந்த பாட்டி ஒருத்தியிடம் போய்ச் செய்முறையைக் கேட்டுப் பாருங்கள். "புளியைக் கரைச்சு விடு, கொஞ்சம் கொதிக்கட்டும், பக்குவமா வந்ததும் இறக்கு" என்பாள். எவ்வளவு புளி? எத்தனை நேரம் கொஞ்சம்? பக்குவம் என்றால் எது? பாட்டியின் கைக்கும் மூக்குக்கும் அது தெரியும்; வாய்க்குத் தெரியாது. நாற்பது வருஷப் பழக்கத்தில் நடுவிலுள்ள படிகளெல்லாம் அவளுக்கே மறந்து போய்விட்டன.

மோட்டார் மெக்கானிக்குகளும் இந்தப் பாட்டியின் ஜாதிதான். பழகிய மெக்கானிக் ஹாரனை அமுக்கிச் சத்தத்தைக் கேட்கிறார். ஹெட்லைட்டைப் போட்டுப் பார்க்கிறார். பாட்டரி முனையைத் தொட்டுச் சூட்டைப் பார்க்கிறார். "எர்த் சரியில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார். பக்கத்தில் நிற்கும் பையனுக்கு அது மந்திரவாதி குல்லாயிலிருந்து முயல் எடுத்த மாதிரி இருக்கிறது. ஆசிரியர் பயிற்சியின் முதல் பாடமே இதுதான்: மனசுக்குள் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லப் பழகுவது. "ஹாரன் ஏன் அடித்தேன்? பாட்டரியில் தெம்பு இருக்கிறதா என்று பார்க்க. விளக்கு பளிச்சென்று எரிகிறது. ஆகவே பாட்டரி மேல் எனக்கிருந்த சந்தேகம் குறைகிறது. அடுத்து எங்கே பார்ப்பேன்?" இப்படி ஒவ்வொரு படியையும் சொல்லிக் கொண்டே வேலை செய்வது சுலபமல்ல. இருபது வருஷ அநுபவஸ்தர்களுக்குக் கூட முதல் நாள் நாக்குப் புரளாது.

இந்தப் பிரச்னையைப் பல வருஷங்களுக்கு முன்பே ஓர் அமெரிக்கர் கவனித்தார். சார்லஸ் ஆலன் என்று பெயர். முதல் உலக யுத்தத்தின்போது, 1917-ல், அமெரிக்காவில் அவசர அவசரமாகக் கப்பல்கள் கட்ட வேண்டியிருந்தது. கப்பல் வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். கற்றுக்கொள்ள வேண்டியவர்களோ ஏராளம். தெரிந்தவர்களையே ஆசிரியர்களாக்கும் பொறுப்பு ஆலனுக்கு வந்தது. அவர் கண்ட முறையில் நாலே படிகள். மாணவனின் மனசைத் தயார் செய்; செய்து காட்டு; அவனையே செய்யச் சொல்; பிறகு துணையில்லாமல் செய்கிறானா என்று சோதித்துப் பார். 1919-ல் இதைப் புஸ்தகமாகவும் எழுதினார். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் இதே வழியைப் பின்பற்றின. மாணவன் கற்கவில்லையென்றால் ஆசிரியர் கற்பிக்கவில்லை என்றுதான் அர்த்தம் என்ற கொள்கையும் அப்போதுதான் பரவியது. பிள்ளைகளை "மக்கு" என்று சொல்வதற்கு முன்னால் நாமும் ஒரு தரம் நினைத்துப் பார்க்க வேண்டிய கொள்கை!

நம் நாட்டில் ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான திட்டம் 1950-ல் ஏற்பட்டது. அங்கே பாடம் நடத்துகிறவர்களைத் தயாரிப்பதற்கான முதல் நிலையம் அதற்கும் முன்னால், 1948-லேயே தோன்றிவிட்டது. பிறகு 1960-களில் லூதியானா, கான்பூர், ஹௌரா, பம்பாய், ஹைதராபாத் ஆகிய ஊர்களிலும், நம் சென்னையிலும் நிலையங்கள் வந்தன. கிண்டியில் இருக்கும் அந்த நிலையத்தை இப்போது தேசியத் திறன் பயிற்சி நிலையம் என்கிறார்கள். படிப்பு ஒரு வருஷம். ஒரு பகுதி தொழில் சம்பந்தப்பட்டது. இன்னொரு பகுதி எப்படிக் கற்பிப்பது என்பது. அந்தப் படிப்பில் மாணவர்களாக உட்காருகிறவர்கள் ஏற்கெனவே தொழில் படித்தவர்கள். நாளைக்கு ஆசிரியர்களாகப் போகிறவர்கள்.

இப்படிப்பட்ட ஒரு வகுப்பில் மோட்டார் மின்சாரக் கோளாறு பாடம் எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு கார் நிற்கிறது. அதில் வேண்டுமென்றே ஒரு கோளாறு செய்து வைத்திருக்கிறார் பயிற்சியாளர். எஞ்சினுக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள அந்தப் பின்னல் வயரில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், இணைப்பைக் கெடுத்திருக்கிறார். நம் வீட்டுக் காருக்கு வந்த அதே வியாதி!

சாவியைத் திருப்பினால் "டிக்". வருங்கால ஆசிரியர் ஒருவர் உடனே, "பாட்டரி வீக் ஸார்" என்கிறார்.

"அளந்து பார்த்தீர்களா?"

அளக்கிறார். மீட்டர் 12.6 வோல்ட் காட்டுகிறது. நன்றாக இருக்கும் பாட்டரி, வேலை செய்யாமல் சும்மா இருக்கும்போது காட்ட வேண்டிய அளவு அதுவே. ஹெட்லைட்டும் பளிச்சென்று எரிகிறது. பாட்டரி நிரபராதி!

"அப்போ வயராக இருக்கும் ஸார்." மீட்டரை மாற்றி வைத்து வயரின் தடையை அளக்கிறார். கிட்டத்தட்டப் பூஜ்யம். வயரும் நல்ல வயர் என்று மீட்டர் சாட்சி சொல்கிறது.

இங்கேதான் எல்லோரும் திகைத்து நிற்பார்கள். ஒரு ஹெட்லைட் பல்பு 55 வாட். அதற்கு நாலரை ஆம்பியர் மின்சாரம் போதும். ஸெல்ஃப் மோட்டாரோ எஞ்சினைச் சுற்றிவிட 150 ஆம்பியர் போலக் கேட்கும். வழியில் ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தால் விளக்குக்கு நஷ்டம் 0.045 வோல்ட், யாருக்கும் தெரியாது. அதே தடையில் ஸெல்ஃப் மோட்டாருக்கு நஷ்டம் 1.5 வோல்ட்! துரு இன்னும் கொஞ்சம் ஏறினால் மோட்டார் படுத்துவிடும். சாதாரண மீட்டருக்கு இவ்வளவு சின்னத் தடை கண்ணில் படாது.

வீட்டுக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பாதி அடைத்துக்கொண்ட குழாயில், ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தால் குறை தெரியாது. இரண்டு குழாயைத் திறந்து அண்டாவை நிரப்பப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி! அடைப்பைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் தண்ணீர் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். மின்சாரமும் அப்படியே. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவிலும், மறு முனையை எஞ்சின் மேலும் வைத்துக்கொண்டு, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். வழி சுத்தமாக இருந்தால் அரை வோல்ட் கூடக் காட்டாது. இந்தக் காரில் மீட்டர் ஆறு வோல்ட்டுக்குத் தாவுகிறது. திருடன் அகப்பட்டான்!

கெட்டிக்காரப் பயிற்சியாளர் இதோடு விடமாட்டார். "தண்ணீர் உவமானம் நல்லதுதான். அது எந்த இடத்தில் பொய்யாகும்?" என்று கேட்பார். குழாய் உடைந்தால் தண்ணீர் வெளியே கொட்டும். வயர் அறுந்தால் மின்சாரம் தரையில் கொட்டாது. ஓட்டமே நின்று போகும். ஆசிரியர் இதைச் சொல்லாமல் விட்டால், மாணவன் வயர் அறுந்த இடத்தில் எதையோ தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். உவமானம் சொல்வது மட்டும் ஆசிரியர் வேலையல்ல. அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும்.

ஆனால் இந்த வகுப்பிலே எல்லாவற்றையும் விடக் கஷ்டமான பாடம் ஒன்று உண்டு. அது வாயை மூடிக்கொண்டிருப்பது!

விடை தெரிந்த ஆசிரியருக்கு, மாணவன் தப்பான இடத்தில் கையை வைக்கும்போது, "அங்கே இல்லையடா, இங்கே!" என்று சொல்லாமல் இருக்க முடியாது. குழந்தை சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு திண்டாடும்போது நம் கை தானாகப் போகிறதே, அதே மாதிரி. சொல்லிவிட்டால் அன்றைக்கு வண்டி கிளம்பும். பையன் கிளம்ப மாட்டான். ஆகவே ஆசிரியர் கேட்கப் பழக வேண்டிய கேள்விகள் மூன்று. "மீட்டர் என்ன காட்டும் என்று நினைக்கிறாய்? என்ன காட்டியது? அதிலிருந்து எதைத் தள்ளிவிடலாம்?" அளப்பதற்கு முன்னாலேயே முதல் கேள்விக்கு விடையைக் காகிதத்தில் எழுதிவிட வேண்டும். எதிர்பார்ப்பு இல்லாமல் மீட்டரைப் பார்க்கிறவன், ஜாதகம் படிக்கத் தெரியாதவன் கட்டங்களைப் பார்ப்பது போலத்தான்.

கோளாறு செய்து வைப்பதும் ஒரு கலை. நல்ல வயரைக் கத்தியால் வெட்டி வைக்கக் கூடாது. மாணவன் வெட்டுக் காயத்தைத் தேடிக் கண்டுபிடிப்பானே தவிர யோசிக்க மாட்டான். மூடிய பெட்டிக்குள் ரகசிய ஸ்விட்சுகள் வைத்து வழியை அடைக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு கோளாறு, பிறகு இரண்டு, அப்புறம் வருவதும் போவதுமாக இருக்கும் கோளாறு. நடுவில் ஒரு நாள் கோளாறே இல்லாத வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். "இதில் ஒன்றுமில்லை ஸார், எல்லாம் சரியாக இருக்கிறது" என்று தைரியமாகச் சொல்ல எத்தனை பேருக்கு வரும்? நாளைக்கு நம் வீட்டு வாசலில் வந்து, "புதுசு ஒன்றும் வாங்க வேண்டாம் அம்மா" என்று சொல்லப் போகிறவன் அந்தப் பையன்தான். நம் பர்ஸுக்கு அவனைவிடப் பெரிய சிநேகிதன் கிடையாது.

மார்க்குப் போடுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. ஒரு பையன் தோன்றியதையெல்லாம் மாற்றிப் போட்டு அதிர்ஷ்டவசமாக வண்டியைக் கிளப்பிவிடுகிறான். இன்னொருத்தி ஒவ்வொன்றாக அளந்து, சந்தேகத்தைப் பாதிக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்து, மணி அடித்துவிட்டதால் கடைசிப் படியில் நின்றுவிடுகிறாள். யாருக்கு மார்க்கு அதிகம்? வண்டி ஓடிற்றா என்று மட்டும் பார்க்கும் ஆசிரியர் முதலாமவனுக்குப் போடுவார். பயிற்சி பெற்ற ஆசிரியர், நடந்து வந்த வழியைப் பார்த்து இரண்டாமவளுக்குப் போடுவார். எதற்கு மார்க்கு கிடைக்கிறதோ அதைத்தானே பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்!

உயிருக்கும் உடைமைக்கும் சம்பந்தப்பட்ட பாடங்களும் உண்டு. பாட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது அது கடைசியில். இதை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தால் பையன் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவான். பாஸிட்டிவ் முனையைத் தளர்த்தும்போது ஸ்பானர் காரின் உடம்பில் பட்டால் என்ன ஆகும் என்று காரணம் சொன்னால் மறக்க மாட்டான். நெகட்டிவைக் கழற்றியிருந்தால் ஒன்றும் ஆகாது, கழற்றாவிட்டால் தீப்பொறிதான். மோதிரமும் வளையலும் அணிந்த கையால் பாட்டரியைத் தொடக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. உலோகம் இரண்டு பக்கமும் பட்டுவிட்டால் ஒரு கணத்தில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும்.

ஃபியூஸ் விஷயமும் அப்படித்தான். சிவப்பு ஃபியூஸ் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்பு அடிக்கடி போகிறதே என்று பச்சையைச் செருகினால் ஃபியூஸ் போகாதுதான். அதற்குப் பதிலாக வயர் உருகும். ஓடுகிற வண்டியில் தீப்பிடிப்பதற்கு அது போதும். ஃபியூஸ் போனது வியாதி அல்ல, வியாதியின் அறிகுறி என்று ஓர் ஆசிரியர் தம் மாணவர்கள் மனசில் பதிய வைத்தால், எத்தனையோ குடும்பங்கள் பத்திரமாக வீடு திரும்பும்.

இப்போது ஆசிரியர்களுக்கும் புதுப் புதுப் பாடங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் புதிய புகை விதிகள் வந்த பிறகு, ஸ்கூட்டருக்குள் கூடச் சின்ன கம்ப்யூட்டர் புகுந்துவிட்டது. கருவியை மாட்டினால் அது ஓர் எண்ணைக் காட்டுகிறது. இன்ன உறுப்பிலிருந்து வரும் மின்சாரம் குறைவு என்று அதற்கு அர்த்தம். உறுப்பு கெட்டதா, அதற்குப் போகும் வயர் கெட்டதா என்பதை அந்த எண் சொல்லாது. டாக்டர் வீட்டுத் தெர்மாமீட்டர் ஜுரம் என்றுதான் சொல்லும். மலேரியாவா டைபாய்டா என்று சொல்லாது அல்லவா? அப்புறம் மின்சாரக் கார்கள். அவற்றில் நூற்றுக்கணக்கான வோல்ட்டுகள் ஓடும் வயர்களுக்கு ஆரஞ்சு வர்ணம் பூசியிருக்கிறார்கள். அதற்கென்று தனிப் பயிற்சி பெறாத யாரும், ஆசிரியர் உள்பட, அந்த வயர்களின் பக்கம் போகக் கூடாது.

"இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று யாராவது சொன்னால், ஒரு பழைய கதையைச் சொல்லுங்கள். ஆதியில் கார்களை முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். சார்லஸ் கெட்டரிங் என்பவர் கண்டுபிடித்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ல் காடிலாக் கார்களில் வந்தது. புஜபலம் இல்லாதவர்களும், பெண்களும், சாவகாசமாக வண்டியைக் கிளப்ப வழி பிறந்தது. "டிக்" என்று சொல்லி நம்மைத் தெருவில் நிறுத்துகிறதே, அந்த ஸெல்ஃப் மோட்டார்தான் பெண்களின் கையில் சாவியைக் கொடுத்தது! அதன் வைத்தியத்தைப் பெண்கள் கற்றுக்கொண்டால் என்ன, கற்றுக் கொடுத்தால்தான் என்ன? இந்த வேலைக்கு வேண்டியது புஜபலமல்ல, பொறுமையும் கணக்கும்தான்.

வீட்டில் பத்தாவது தேறிய பிள்ளையோ பெண்ணோ இருந்து, மோட்டார் வேலையில் ஆசை காட்டினால், ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பு இரண்டு வருஷம். சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நடை போய்ப் பாருங்கள். கட்டடம் எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டாம். பிள்ளைகள் கையில் மீட்டர் இருக்கிறதா, ஆசிரியர் பேசிக்கொண்டே இருக்கிறாரா, கேட்கவும் செய்கிறாரா என்று பாருங்கள். கற்பிப்பதில் அவர் பயிற்சி பெற்றவரா என்று தயங்காமல் விசாரியுங்கள்.

அடுத்த தடவை யாராவது "பாட்டரி போயிடுச்சு அம்மா" என்று சொன்னால், பர்ஸைத் திறப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதை அளந்து பார்த்தீர்கள்? எவ்வளவு காட்டியது?" நல்ல பயிற்சி பெற்றவன் மகிழ்ந்து போய் விளக்கம் சொல்வான். மற்றவன் தலையைச் சொறிந்துகொண்டு மீட்டரைத் தேடப் போவான். எப்படியானாலும் லாபம் உங்களுக்கே.

ஓர் ஆசிரியர் வருஷத்துக்கு இருபது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், முப்பது வருஷ உத்தியோகத்தில் அறுநூறு பேர். அவர் "மாற்றிப் பார்" என்று சொல்லிக் கொடுத்தால் அறுநூறு பேரும் மாற்றிப் பார்ப்பார்கள். "அளந்து பார்" என்று சொல்லிக் கொடுத்தால் அறுநூறு பேரும் அளந்து பார்ப்பார்கள். கிண்டியில் ஒரு வருஷம் அவரை உட்கார வைப்பது அதற்காகத்தான்.